ஃபைனல் செக்கிங் மூக்கம்மாள்

நல்லூரில் பொங்கியண்ணன் நடத்திய பனியன் கம்பெனியில், தைத்து முடிந்த எந்தத் துணியும் மூக்கம்மாளின் கையைக் கடக்காமல் அட்டைப்பெட்டிக்குள் போகாது. ஜன்னலோரம் ஒரு நீள மேசை. அதன் தலைமாட்டில் ஒரு ஸ்டூல். அதுதான் ஃபைனல் செக்கிங். மற்றப் பெண்கள் பார்த்துத் தள்ளியதை அவள் கடைசியாகப் பார்ப்பாள். டி-ஷர்ட்டுக்குள் இடது கையை விட்டு, விரல்களை விரித்து, வெளிச்சத்துக்குத் திருப்புவாள். ஓட்டை, எண்ணெய்க் கறை, விட்டுப்போன தையல், எதுவானாலும் சாக்பீஸால் ஒரு வட்டம். பிறகு குரல்.

"யாருப்பா நாலாவது மெஷினு? பனியன் தைக்கச் சொன்னா கொசுவலை தச்சு வச்சிருக்க."

தையல்காரர்கள் அந்தக் குரலுக்குப் பயந்தார்கள். அது கேட்காத நாளில் சுவாரசியம் இல்லை என்றும் சொல்லிக்கொண்டார்கள்.

சிவகங்கைப் பக்கத்திலிருந்து கல்யாணமான புதிதில் வந்தவள். கணவன் அழகுமலைக்குச் சாயப்பட்டறையில் துணி இறக்கும் வேலை. மண்ணரையில் வரிசை வீடுகளில் ஒன்றில் குடியிருந்தார்கள். பிள்ளைகள் இரண்டும் பள்ளிக்கூடம் போயின. கம்பெனியில் அவள் முதலில் நூல் வெட்டினாள். நூல் வெட்டுகிறவர்கள் தரையில் உட்காருவார்கள். செக்கிங் பெண்கள் நின்றபடி பார்ப்பார்கள். ஸ்டூல் ஒருத்திக்குத்தான். தரையிலிருந்து எழுந்து, நின்று, ஸ்டூலில் உட்கார அவளுக்குப் பாதி இளமை செலவாயிற்று. இதை அவளே சொல்லிச் சிரிப்பாள்.

வெளிநாட்டு ஏற்றுமதிக்கு அளவு கட்டிய கோட்டா முறை போய் ஆர்டர் குவிந்த காலம் அது. ஞாயிற்றுக்கிழமையும் பாதி நாள் வேலை இருந்தது. காலையில் எழுந்து சோறு பொங்கி, குழம்பு வைத்து, நான்கு டப்பாவில் அடைத்து, ஒரு டம்ளர் டீயைக் குடித்துவிட்டு பஸ்ஸுக்கு ஓடுவாள். பதினோரு மணிக்கு டீயும் பன்னும். மத்தியானம் ரேஷன் அரிசிச் சோறு, மேலே ரசமோ புளிக்குழம்போ. டப்பாவை மூடுவதற்குள் டீக்கேன்காரர் வந்துவிடுவார். மத்தியான டீ கம்பெனிக் கணக்கு. யாரும் விடுவதில்லை. சாயங்காலம் டீ, வடை. ஓவர்டைம் என்றால் இன்னொரு டீ. இரவில் எல்லோரும் சாப்பிட்ட பின் சட்டியில் இருப்பதைச் சாப்பிடுவாள். ஞாயிற்றுக்கிழமை கறி எடுத்தால் துண்டுகள் அழகுமலைக்கும் பிள்ளைகளுக்கும். "எனக்குக் குழம்பு போதும், மணமே வயித்த நெரப்பீரும்" என்பாள். அதை வீட்டில் எல்லோரும் நம்பினார்கள். அவளும் நம்பினாள்.

சாக்பீஸ் தின்னும் பழக்கம் கறுப்புத் துணியில் தொடங்கியது. கறுப்பில் வட்டம் எடுப்பாக விழ, தையல் சாக்பீஸின் முனையை நாக்கில் தொட்டு வைப்பாள். ஈரம் பட்டதும் அதிலிருந்து மழை விழுந்த மண்ணின் வாசனை வரும். தொட்டது நக்கலாயிற்று. நக்கியது கடியாயிற்று. அடுத்து சாக்பீஸ் கையில் இல்லாத நேரத்திலும் வாயில் எச்சில் ஊறியது. வெள்ளைதான் பிடிக்கும். நீலத்தில் ருசி இல்லை.

அந்த வருடம் ஆடி மாதத்தில் அவளுக்கு மாடிப்படி நீண்டுவிட்டது. பாதிப் படியில் நின்று கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, கீழே யாரையோ கூப்பிடுவதுபோல் பாவனை செய்வாள். மேசையில் உட்கார்ந்தால் துணி இரண்டாகத் தெரிந்தது. காதுக்குள் மெஷின் ஓடியது. மெஷின்கள் நின்ற பிறகும் ஓடியது.

ஒருநாள் பொங்கியண்ணன் கையில் ஒரு டி-ஷர்ட்டோடு வந்தார். வெளிநாட்டுக்குச் சரக்கு எடுக்கும் சென்னை பையிங் ஆபீஸிலிருந்து திரும்பி வந்தது. அக்குளுக்குக் கீழே இருந்த ஓட்டையில் ஆள்காட்டி விரலை விட்டு அவள் முகத்துக்கு நேராக ஆட்டினார்.

"மூக்கம்மா, இதுல என்ர விரலே போகுதுங்க. உங்க கண்ணு மட்டும் போகலீங்களா?"

அவள் ஓட்டையைப் பார்த்தாள். மறுபக்கம் அவர் நகம் தெரிந்தது.

"நாந்தேன் பாத்தனாங்க இத?"

"உங்க வட்டமும் இல்ல, ஒண்ணும் இல்ல. பாஸ்னு தள்ளியிருக்கறீங்க. இன்னொருக்கா இப்படி ஆச்சுன்னா வேல்விழிய ஸ்டூல்ல உக்கார வச்சுப்போடுவனுங்க. நீங்க நூல் வெட்டற பக்கம் போயிருங்க. கோவிச்சுக்கக் கூடாது."

வேல்விழி மேசையில் இரண்டாவது ஆள். ராமநாதபுரத்துப் பெண், மூக்கம்மாளைவிட இளையவள். தன் பெயர் காதில் விழுந்ததும் குனிந்து ஒரு துணியை மடிக்கத் தொடங்கினாள்.

தப்பு கண்ணில்தான் என்று மூக்கம்மாள் முடிவுசெய்தாள். பழைய பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு கடையில் மூக்குக்கண்ணாடி வாங்கிப் போட்டுக்கொண்டாள். அழகுமலை வீட்டு வாசலில் எழுந்து நின்று கும்பிட்டான்.

"டீச்சரு வந்துட்டாக. ஏ, எல்லாரும் புத்தகத்த எடுங்கப்பா."

"சிரிங்க. நாளைக்கு எஞ்சம்பளம் கொறஞ்சா தெரியும் சேதி."

கண்ணாடியில் ஓட்டை பெரிதாகத் தெரிந்தது உண்மை. ஆனால் ஓட்டையைத் தேடுகிற கவனம் பாதியில் நழுவியது. துணிக்குள் கையை விட்டபடி அப்படியே உட்கார்ந்திருப்பாள். என்ன பார்த்தோம் என்று தெரியாது. சரி என்று தள்ளுவாள். அவள் தள்ளியதிலிருந்து வேல்விழி ஒரு நாள் இரண்டு பீஸை உருவி, வாய் திறக்காமல் தன் குவியலுக்கு அடியில் சொருகினாள்.

"என்னடி?"

"ஒண்ணுமில்லக்கா. கறை. நான் தொடச்சிக்கிறேன்."

கறை அல்ல என்று இருவருக்கும் தெரியும்.

இப்படி இருக்கும்போது தங்கவேலு வந்தார். அவர் ஸ்டோர் பார்ப்பவர். நூல்கண்டு, ஊசி, பட்டன், சாக்பீஸ் எல்லாம் அவர் கையால் போகவேண்டும். கம்பெனி ஊசியைத் தன் ஊசியாக நினைப்பவர். உடைந்த ஊசியின் இரண்டு துண்டையும் காட்டினால்தான் புது ஊசி தருவார். சாக்பீஸுக்கு அப்படி ஒரு வழி இல்லாதது அவருக்கு நெடுநாள் வருத்தம்.

"ஏனுங்க மூக்கம்மா, கட்டிங்ல அத்தன பேருக்கு ஒரு டப்பா போகுது. உங்க ஒருத்தருக்கு ஒரு டப்பா போகுது. ஊட்ல பள்ளிக்கூடம் ஏதாச்சும் நடத்தறீங்களா?"

"கறுப்பு லாட்டுண்ணே. நெறையக் கோடு போட வேண்டியிருக்கு."

"இப்ப ஓடறது வெள்ளை லாட்டுங்க."

மூக்கம்மாள் சுற்றிலும் பார்த்தாள். மேசை முழுக்க வெள்ளைத் துணி.

தங்கவேலு சந்தேகத்தோடு போனார். திருடி விற்கிறாள் என்று நினைத்தார். தையல் சாக்பீஸை யார் வாங்குவார்கள் என்று யோசித்ததில் அவருக்குச் சரியாகத் தூக்கம்கூட வரவில்லையாம். அடுத்த நாள் சாப்பாட்டு நேரத்துக்குச் சற்று முன்னால், நூல் மூட்டைகளுக்குப் பின்னால் நின்று பார்த்தார். மூக்கம்மாள் ஒரு வில்லையை எடுத்தாள். பொரியுருண்டை கடிப்பதுபோல் ஓரத்தைக் கடித்தாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

"அட சாமி! தின்னு போடறாங்கடா!"

மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன.

"என்னத்தண்ணே கத்துறீக?" என்றாள் அவள். உதட்டோரம் வெள்ளையாக இருந்தது.

"வாயத் தொறங்க."

"பல்லு வெளக்குனேன்."

"மத்தியானம் ஒரு மணிக்கா?"

தையல்காரர்கள் சிரித்தார்கள். நாலாவது மெஷின்காரன் எழுந்து நின்று, "இத்தன நாளா நம்மளத் திட்டுன வாயி சாக்பீஸ் வாயிடா" என்றான். மூக்கம்மாளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. எது முதலில் வெளியே வந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. தலையைத் துணிக் குவியலில் கவிழ்த்துக்கொண்டாள்.

தங்கவேலுவுக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. பக்கத்தில் வந்து குரலை இறக்கினார்.

"அழுகாதீங்க. என்ர சம்சாரம் மாசமா இருக்கறப்ப அடுப்புச் சாம்பல் தின்னா. ரத்தம் பத்தலைன்னு டாக்டரம்மா சொன்னாங்க. நீங்களும் ஒருக்கா போய்ப் பாருங்க."

"நானென்ன மாசமாவா இருக்கேன்?" என்று குவியலுக்குள்ளிருந்து குரல் வந்தது.

அதற்கு மேசையே சிரித்தது. சிரிப்பு அடங்கும்போது வேல்விழி சொன்னாள், "நான் பச்சரிசி திம்பேன்." அவள் முந்தானையில் ஒரு முடிச்சு இருந்தது. அவிழ்த்துக் காட்டினாள். அரிசி. நூல் வெட்டுகிற ஒருத்தி சிலேட்டுக் குச்சி என்றாள். இன்னொருத்தி, மழை பெய்தால் புதுச் செங்கல்லை மோந்து பார்ப்பேன், நக்கினது கிடையாது என்று சத்தியம் செய்தாள். யாரும் நம்பவில்லை. தங்கவேலு வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார். திருட்டைப் பிடிக்க வந்த இடத்தில் பாதி கம்பெனி எதையோ மென்றுகொண்டிருந்தது.

விஷயம் மேலே போனது. பொங்கியண்ணன் இறங்கி வந்து தலைமாட்டில் நின்றார்.

"வைத்தியம் பண்ணிட்டு வாங்க. அதுவரைக்கும் ஸ்டூல்ல வேல்விழி இருக்கட்டும். தீபாவளி லாட்டு பெருசு, என்னால ரிஸ்க் எடுக்க முடியாதுங்க. தீபாவளிக்குள்ள தேறிட்டீங்கன்னா பாக்கலாம். இல்லாட்டி அவளே இருக்கட்டும்."

மூக்கம்மாள் கண்ணாடியைக் கழற்றி மடித்துக்கொண்டு, தரையில் நூல் வெட்டுகிறவர்களோடு போய் உட்கார்ந்தாள். தீபாவளி கண்ணுக்கு எட்டும் தூரத்தில் இருந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா அவளுடைய கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். நகங்களைப் பார்த்தார். ரத்தம் சோதித்துவரச் சொன்னார். ரத்த அளவு பன்னிரண்டு இருக்க வேண்டியது ஏழுக்குக் கொஞ்சம் மேலே இருந்தது.

"என்னம்மா சாப்பிடுவீங்க?"

"எல்லாம் சாப்பிடுவேங்க."

"நேத்து என்ன சாப்பிட்டீங்க?"

மூக்கம்மாள் சொல்லத் தொடங்கினாள். டீ, பன்னு, சோறு, ரசம், டீ, டீ, வடை, சோறு. சொல்லச் சொல்ல அவளுக்கே அது ஒரே வண்ணத் துணியாகத் தெரிந்தது.

"கீரை?"

"அலச நேரமில்லீங்க."

"கறி, ஈரல்?"

"ஞாயித்துக்கெழம எடுப்போம்."

"நீங்க சாப்பிட்டீங்களா?"

"குழம்பு ஊத்திக்குவேங்க."

மாதவிலக்கு எத்தனை நாள், எவ்வளவு போகிறது என்றும் கேட்டார். அதை அவள் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. எல்லோருக்கும் அப்படித்தான் போகும் என்று நினைத்திருந்தாள். டாக்டர் அதற்கும் தனியாக ஒரு மாத்திரை எழுதினார். பிறகு விளக்கினார். ரத்தத்துக்கு இரும்புச்சத்து வேண்டும். அது குறைந்தால் மூச்சு வாங்கும், கவனம் நிற்காது. மண், சாம்பல், சாக்பீஸ் மேல் ஆசை வரும். தின்றால் வயிற்றில் இருக்கும் கொஞ்சநஞ்சச் சத்தும் உடம்பில் சேராது. சோறு உண்டவுடன் குடிக்கும் டீயும் அதே வேலையைச் செய்யும்.

"டீயுமா?" என்றாள் மூக்கம்மாள். சாக்பீஸுக்குக்கூட அவள் அவ்வளவு அதிர்ந்திருக்கவில்லை.

"விடச் சொல்லலை. சாப்பாட்டுக்கும் டீக்கும் ஒரு மணி நேரம் இடைவெளி விடுங்க. மாத்திரையை எலுமிச்சம்பழத் தண்ணியில போடுங்க. வெளிக்கி கறுப்பாப் போகும், பயப்படாதீங்க. பூச்சி மாத்திரையும் இருக்கு, அதை வீட்டுல எல்லாரும் போடணும்."

அழகுமலை பூச்சி மாத்திரையைப் பார்த்து, "எனக்கு எதுக்கு? எனக்குள்ள இருக்கிற பூச்சியெல்லாம் சாயத்துலயே செத்திருக்கும்" என்றான். ஆனாலும் போட்டுக்கொண்டான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சட்டியிலிருந்து ஈரலை அவள் முதலில் தன் தட்டில் வைத்துக்கொண்டாள். எல்லோருடைய கண்ணும் அந்தத் தட்டுக்குப் போனது. கல்யாணமான நாளிலிருந்து ஈரல் அழகுமலையுடையது.

"அது..." என்றான்.

"டாக்டரு சொல்லிட்டாக."

"டாக்டரு பூராத்தையுமா சொன்னாக?"

அவள் யோசித்து ஒரு துண்டை அவன் தட்டில் வைத்தாள். அவன் அதைப் பார்த்தான். திருப்பி அவள் தட்டிலேயே வைத்துவிட்டு, "நெஞ்செலும்பு எங்க?" என்று கரண்டியைச் சட்டிக்குள் விட்டான். அவள் உட்கார்ந்து, எல்லோரோடும் சேர்ந்து சாப்பிட்டாள். சூடாகச் சாப்பிட்டால் கறிக்கு வேறு ருசி என்பது அவளுக்குத் தெரிந்தது.

கம்பெனியில் ஜெனரேட்டர் அறைக்குப் பக்கத்தில் ஒரு முருங்கை மரம் நின்றது. கம்பளிப்பூச்சி துணிக்கு வருகிறது என்று பொங்கியண்ணன் அதை வெட்ட ஆள் சொல்லியிருந்தார். மூக்கம்மாள் நேரே அவர் அறைக்குப் போய் நின்றாள்.

"வெட்டாதீங்க. எலைய நாங்க ஒடிச்சுக்கிறோம். எலை இல்லாட்டி பூச்சி எங்கிட்டு இருந்து வரும்?"

"பொரியல் பண்ணவா?"

"ஆமாங்க. ரத்தத்துக்கு."

பொங்கியண்ணனுக்குச் சர்க்கரை உண்டு. அவர் மேசையில் கொய்யாக்காய் நறுக்கி வைத்திருந்தது. "என்ன கொடுமைங்க" என்றார். "என்னயச் சோத்தக் கொறைங்கறாங்க. உங்களக் கீரையக் கூட்டுங்கறாங்க. சம்பாதிக்கறது எதுக்குன்னே தெரியலீங்க. சரி, ஒடிச்சுக்கங்க."

"இன்னொண்ணுங்க. மத்தியான டீய மூணு மணிக்கு மாத்தணும்."

"டீ இல்லாட்டி சோத்தத் தின்னுபோட்டுத் தூங்கிருவாங்க."

"இப்ப டீ குடிச்சிட்டே தூங்குறாக. நானே தூங்கிருக்கேன், துணிக்குள்ள கைய விட்டுக்கிட்டு."

அவர் சிரித்துவிட்டார். மூன்று மணி டீ வந்தது. முதல் வாரம் தையல்காரர்கள் அவளைத் திட்டினார்கள். மூன்று மணி என்பது தூக்கம் தானாக வரும் நேரம் என்று பிறகு கண்டுகொண்டார்கள். திட்டு நின்றது.

சாக்பீஸ் ஆசை ஒரே நாளில் போகவில்லை. தங்கவேலு அவள் பக்கம் வெள்ளையே போகாமல் பார்த்துக்கொண்டார். வறுத்த நிலக்கடலையை மடியில் வைத்துக்கொண்டு வாய் ஊறும்போதெல்லாம் மென்றாள். ஒருநாள் அவளுக்குத் திடீரென்று நினைவு வந்தது, நேற்று முழுக்க அந்த வாசனையை நினைக்கவே இல்லை என்று.

ஐப்பசி பிறந்தது. தீபாவளி லாட்டு ஓடிக்கொண்டிருந்தது. கறுப்பு டி-ஷர்ட். ஸ்டூலில் வேல்விழி. தரையில் மூக்கம்மாள், கழுத்துப் பட்டையில் தொங்கும் நூலை வெட்டிக்கொண்டிருந்தாள். ஒரு பீஸின் தோள்பட்டையை இழுத்துப் பிடித்தபோது தையலை ஒட்டி ஏதோ மினுங்கியது. விளக்கு மினுங்குவது தெரிந்தது, துணியின் வழியாக. குண்டூசி முனை அளவு ஓட்டைகள், வரிசையாக. இழுத்தால் தெரிந்தது, விட்டால் மறைந்தது. அடுத்ததை இழுத்தாள். அதிலும் இருந்தது. ஊசி மழுங்கி நூலை அறுத்திருக்கிறது. ஒரு துவைப்பில் ஒவ்வொன்றும் விரல் நுழையும் ஓட்டையாகும்.

"இந்த மெஷினு பீஸு எத்தன மேல போயிருக்கு?"

"காலையில இருந்து போகுதேக்கா" என்றாள் பக்கத்தில் நூல் வெட்டியவள்.

துணியைச் சுருட்டிக்கொண்டு எழுந்தாள். பேக்கிங் மேல்மாடியில்; பாதிப் படியில் நிற்காமல் ஏறிப் போனாள். அங்கே அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். பொங்கியண்ணன் லாரிக்காரரோடு போனில் பேசிக்கொண்டிருந்தார்.

"ஒட்டாதீங்க! நிறுத்துங்க!"

"என்ன மூக்கம்மா, லாரி வந்துருச்சுங்க."

அவள் துணியை விரித்தாள். தோள்பட்டையை அவர் முகத்துக்கு எதிரே இரண்டு கையால் இழுத்துப் பிடித்தாள். அவர் பார்த்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். ஜன்னலுக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார். பிறகு போனில், "லாரிய நாளைக்கு அனுப்புங்க" என்றார்.

பெட்டிகள் பிரிந்தன. ஊசி மாறியது. கம்பெனி முழுக்க உட்கார்ந்து, பழுதானதைத் தனியே பிரித்தது. அந்த மெஷின்காரன், அதே நாலாவது மெஷின்காரன், அவளைத் தேடி வந்து நின்றான்.

"அக்கா, திட்டிருங்க. திட்டாம இருந்தா ஒரு மாதிரி இருக்கு."

"கொசுவலைகூட இல்லடா இது. சல்லடை."

அவன் நிம்மதியாகப் போனான்.

சாயங்காலம் பொங்கியண்ணன் மேசைக்கு வந்தார். "மூக்கம்மா, நாளையிலிருந்து நீங்களே உக்காருங்க" என்றார். வேல்விழி உடனே எழுந்துவிட்டாள். அவள் முகம் வெளிறியிருந்தது. அத்தனை பீஸும் அவள் கையைக் கடந்துதான் போயிருந்தன.

"எனக்குத் தெரியலக்கா. சத்தியமா இழுத்துத்தேன் பாத்தேன். கண்ணு அப்படியே நின்னுபோச்சு."

மூக்கம்மாள் அவளை ஜன்னல் பக்கம் திருப்பி, மோவாயைப் பிடித்து, கட்டைவிரலால் கீழ் இமையை இழுத்துப் பார்த்தாள்.

"ஸ்டூலுக்கு நான் வாரேன்" என்றாள். "சனிக்கெழம காலையில நீ எங்கூட டாக்டருகிட்ட வார."

"சனிக்கெழம சம்பளம்லக்கா."

"அது சாயங்காலந்தேன். ஊசிக்குப் பயப்படாத, எறும்பு கடிக்கிற மாதிரிதேன் இருக்கும்."

வேல்விழி பொங்கியண்ணனைப் பார்த்தாள். "போயிட்டு வா கண்ணு, அரை நாள் சம்பளம் பிடிக்கமாட்டேன்" என்றார் அவர். நூல் வெட்டுகிற பக்கமிருந்து ஒரு குரல், "அப்ப நாங்களும் வர்றோம்" என்றது. பொங்கியண்ணன் திரும்பிப் பார்த்தார். தரையில் ஏழெட்டுக் கைகள் உயர்ந்திருந்தன.